பாட்டில்லாத பஸ்

அத்தியாயம் 17

பிஜேந்திராவின் பஸ்ஸில் பாட்டு நின்று நான்கு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் வண்டியைக் கிளப்பியதும் அவருடைய இடது கை தானாக டேஷ்போர்டுக்குப் போகும். பிளேயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சதுர ஓட்டையும், அதிலிருந்து தொங்கும் நான்கு வயர்களும்தான். கை பாதி வழியில் வெட்கப்பட்டுத் திரும்பி, வைப்பர் சுவிட்சைத் தட்டும்.

இன்றும் அப்படித்தான். சுவா போகிற பஸ்கள் கிளம்பும் நௌசோரி ஸ்டாண்டில் விடியற்காலையிலிருந்தே மழை. பஸ்ஸின் இரண்டு பக்கமும் தார்ப்பாய்த் திரைகளை இறக்கி விட்டிருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள்.

"அங்கிள், இன்னிக்கும் இல்லையா? பின்னால வர்ற பஸ்ல செம பாட்டு அங்கிள்."

"அப்ப அதுலயே வாயேன்."

"அது லேட்டாகும் அங்கிள். அதான் உங்க தலையெழுத்தும் எங்க தலையெழுத்தும்."

பிஜேந்திராவுக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் வலித்தது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. ஐம்பத்து மூன்று வயதுக்கு இது அதிகம்தான். ஆனால் இன்றைக்கு அவரைத் தின்றுகொண்டிருந்தது முழங்கால் அல்ல, மத்தியானம் மூன்று மணி.

இந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்தே வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். நடுவழியில் ஏறியவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால், சமபூலா நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ஒரு மார்க்கெட்காரி மணிக் கயிற்றை இழுத்தாள். பிஜேந்திராவின் பஸ்ஸில் சீட்டுக்கடியில் மாட்டியிருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் அலறிக்கொண்டிருந்தன. மணி அவர் காதில் விழவே இல்லை. வேறு யாரையோ ஏற்ற நின்ற பஸ் மறுபடி கிளம்பியபோது அவள் படியில் இருந்தாள். விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. கம்பெனியில் கேட்ட முதல் கேள்வி, "கேக்காம கொள்ளாம அந்த ஸ்பீக்கர மாட்டினது யாரு?" என்பதுதான்.

மாட்டியது மகன் ரொனீல். மாட்டச் சொன்னது பிஜேந்திரா. சொன்னது என்ன, ஒரு வாரம் கெஞ்சினார். ஆனால் மேனேஜர் முன்னால் நின்றபோது, ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம் என்ற நினைப்பு வந்து அவர் நாக்கைப் பிடித்துத் திருகிவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க. பையன் பண்ணின வேல" என்றார். அதே கம்பெனியில் டிரைவராக இருந்த ரொனீல் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தான். "ஆமா சார், நான்தான்" என்றான். அன்றைக்கே அவனுக்கு வேலை போயிற்று.

வீட்டில் மனைவி சந்திரவதிக்கும் அதே கதைதான் சொல்லப்பட்டது. அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? "உங்கப்பா சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா, உனக்கு இந்த வீட்ல சோறு ஒரு கேடா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினாள். அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். பச்சை பஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்வி.

இப்போது லைசென்ஸ் ஆபீஸ் அந்த விபத்துக்கு எழுத்தில் அறிக்கை கேட்கிறது. மூன்று மணிக்கு பிஜேந்திரா டிப்போவில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விஷயம் முடிந்தது, அவர் ஸ்டியரிங் அவரிடமே இருக்கும். ஆனால் பயணிகள் பஸ் ஓட்டும் லைசென்ஸ் ரொனீலுக்கு ரத்தாகும்.

நகாசி நிறுத்தத்தில் சேப்பங்கிழங்குக் கட்டோடு ஒரு பெண் ஏறினாள். கட்டை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கையால் கார்டை மெஷினில் வைத்தவள், நிமிர்ந்து பார்த்தாள். விலிமைனா. அன்றைக்கு விழுந்தவள் இவள்தான்.

"என்ன டிரைவரே, பஸ்ஸா இது, சவ ஊர்வலமா?" என்றாள் அவள். முன் சீட்டில் இருந்த பையனை ஒரு பார்வையில் எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"கை... இப்ப எப்படி இருக்குங்க?"

"மழை வந்தா குடையுது. சுவால என்னிக்கு மழை வராம இருந்திருக்கு?" அவள் மணிக்கட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். "அத விடு. பாட்ட ஏன் நிறுத்தின? மார்க்கெட்ல எல்லாரும் என்னைத்தான் ஏசறாங்க. இவ விழுந்தா, ஊருக்கே பாட்டு போச்சுன்னு."

"கம்பெனில புடுங்கிட்டாங்க."

"சின்னதா வெச்சுக்கிட்டா என்னவாம்? அன்னிக்கு நான் மூணு தடவ மணி அடிச்சேன், தெரியுமா? நீ ஸ்டியரிங்குல தாளம் போட்டுக்கிட்டு இருந்த. பின்னாலருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கே அந்தப் பாட்டுன்னா உசுரு. அந்தக் கோபத்துலயும் ஒரு கால் ஆடிக்கிட்டேதான் இறங்கினேன்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிஜேந்திரா கண்ணாடியைத் துடைப்பதுபோலக் குனிந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இப்படிப் பேசினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"நான் வந்து பாத்திருக்கணும்ங்க. ஒரு தடவையாவது..."

"அதான் மகன அனுப்பிச்சியே."

பிஜேந்திராவின் கால் பிரேக்கில் அழுந்தியது. பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து விழப் பார்த்தார்கள்.

"பாத்து ஓட்டு! இன்னொரு கையையும் ஒடச்சிடாத." விலிமைனா கிழங்குக் கட்டைக் காலோடு அணைத்துக்கொண்டாள். "நல்ல பிள்ளய்யா அவன். மன்னிப்பு கேக்கறவங்க கொண்டு வர்ற மாதிரி யங்கோனா வேர்க்கட்டு ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்தான். எங்க அண்ணன் முன்னால பாய்ல மண்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையாலயும் வெச்சான். 'எங்கப்பா அனுப்பிச்சாரு, அவரு சார்பா மன்னிப்பு கேக்க வந்திருக்கேன்'னான். எங்கண்ணன் தொட்டு எடுத்துக்கிட்டாரு. எங்க வழக்கத்துல அத எடுத்துக்கிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் மனசுல வெச்சுக்கக் கூடாது. வெச்சுக்கிட்டா எங்களுக்குத்தான் ஆகாது."

"எப்ப வந்தான்?"

"கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடியே. மூணு மாசம் இருக்கும்." அவள் சட்டென்று அவரைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன், நீதானே அனுப்பிச்ச?"

"நான்தான்... நான்தான் அனுப்பிச்சேன்" என்றார் பிஜேந்திரா.

சொல்லி முடித்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வேலையும் போய், வீடும் போய், நடுத்தெருவில் நின்ற பிள்ளை, அப்பன் பெயரைக் காப்பாற்ற அந்த வேர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். இவரோ அதையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மார்க்கெட் வந்தது. விலிமைனா இறங்கும்போது வேண்டுமென்றே மணிக் கயிற்றை மூன்று தடவை இழுத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் மைலில் பிஜேந்திராவின் வீடு ரோட்டிலிருந்து முப்பது அடி தள்ளி. சுவாவிலிருந்து பன்னிரண்டே காலுக்குத் திரும்பும் நடையில் வீட்டு நிறுத்தத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துவார். பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவருக்குச் சாப்பாடு. வளைவுக்கு முன்னாலேயே அந்தப் பாட்டைப் போட்டுவிடுவார். லம்பாசா ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ பாடிப் பதிவு செய்தது. எடுத்ததும் டோலக் அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் சந்திரவதி அடுப்படியிலிருந்து டிபன் கேரியரோடு கிளம்பினால், பஸ் நிற்கவும் அவள் ஜன்னலடிக்கு வரவும் சரியாக இருக்கும். பயணிகளுக்கும் அது பழக்கம். "அண்ணி வந்தாச்சு, போலாம் ரைட்" என்பார்கள்.

பாட்டு போன பிறகு ஹாரன் அடிக்கிறார். ரோட்டில் போகிற எல்லாரும்தான் ஹாரன் அடிக்கிறார்கள். பாதி நாள் சாப்பாடு தவறிவிடும். அதனால் அவள் இப்போதெல்லாம் பத்து நிமிஷம் முன்னாலேயே குடையோடு வந்து நிற்பாள்.

இன்றைக்கு நிறுத்தத்தில் அவளைக் காணோம்.

ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். கதவு திறந்தது. சந்திரவதி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். கை வெறுங்கை. முகமெல்லாம் நனைந்திருந்தது, மழையா அழுகையா தெரியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான்கு மாதம் இருக்கும்.

"சாப்பாடு போயிடுச்சுங்க" என்றாள்.

"எங்க போச்சு?"

"ரொனீல்! நம்ம ரொனீலு!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "டோலக் சத்தம் கேட்டுதுங்க, வளைவுல. உங்களுக்குப் பாட்ட திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். மணிகூடப் பாக்கல. தூக்கிக்கிட்டு ஓடியாந்து ஜன்னல்ல நீட்டிட்டேன். கேரியர வாங்கின கை... அந்தத் தழும்பு இருக்குல்ல, சின்னதுல சுட்டுக்கிட்டானே, அந்தக் கைங்க. நிமிந்து பாக்கறேன், பச்சை பஸ்ஸு! எனக்கு வாயே வரல."

"அவன் என்ன சொன்னான்?"

"'அப்பா பசியோட வருவாரேம்மா'ன்னான். திருப்பிக் குடுக்கப் பாத்தான். நான் வாங்குவேனா? ரொட்டியும் பயத்தங்காய்க் கறியும், அவனுக்குன்னு செஞ்ச மாதிரி அமைஞ்சிருக்கு பாருங்க இன்னிக்கு! இந்த ரூட்டு இன்னிலேருந்துதானாம். சாயங்காலம் அஞ்சரைக்கு இந்தப் பக்கம் வருவானாம். நான் வெளிய வரணும்னுதான் அந்தப் பாட்டப் போட்டானாம்."

"அண்ணே, எனக்கு டாக்டர் போயிடுவாருண்ணே" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இருங்க தம்பி, என் பிள்ளை கெடச்சிருக்கான்!" என்று சந்திரவதி அவரை ஒரே அதட்டில் அடக்கினாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ரொனீலப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். அவன் பண்ணினது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா நான் அந்தச் சோத்துப் பேச்சு பேசினேனே, அது என்னைத் தூங்க விட மாட்டேங்குது. நீங்க பெரிய மனசு பண்ணி ஒரு வார்த்த சொல்லுங்க. மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. வந்துடுவான்."

மன்னிக்கச் சொல்கிறாள். யாரை யார் மன்னிப்பது? இங்கேயே, இந்த ஜன்னலிலேயே சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அவள் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"மணியாச்சு" என்று கியரைப் போட்டார்.

டிப்போவில் மேனேஜர் ஃபரீத் டீயும் கிரீம் பன்னும் வரவழைத்து வைத்திருந்தார். பசியில் காது அடைத்தது. ஆனாலும் பிஜேந்திரா பன்னைத் தொடவில்லை.

"அண்ணே, இதுல ஒண்ணுமில்ல. கீழ கையெழுத்து, பக்கத்துல தேதி" என்றார் ஃபரீத். கெட்ட மனிதர் அல்ல. அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். "பையனுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். சின்ன வயசு, வேற வேல பாத்துப்பான். உங்களுக்கு இன்னும் ரெண்டே வருஷம்."

பிஜேந்திரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். 'என் மகன் எனக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. தெரியாமலா? ஸ்பீக்கர் மாட்டிய அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றதே அவர்தான். "இன்னும் கொஞ்சம் பெருசா இல்லையாடா?" என்று கேட்டதும் அவர்தான். "மணி கேக்காதுப்பா" என்று பிள்ளை அப்போதே சொன்னான்.

"இது பொய், ஃபரீத்" என்றார்.

"என்னண்ணே?"

"மாட்டச் சொன்னது நான். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் நச்சரிச்சேன். அன்னிக்கு உங்க முன்னால பயந்துபோய் அவனக் காட்டிக் குடுத்துட்டேன்."

ஃபரீத் நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இத இப்ப ஏன் சொல்றீங்க? நாலு மாசம் ஆச்சு. எல்லாம் ஆறின கஞ்சி."

"எனக்கு ஆறல."

"அண்ணே, எனக்கு இதுல எழுத ஒரு பேரு வேணும். அது உங்க பேருன்னா, இன்னிக்கே உங்கள ஸ்டியரிங்லேருந்து இறக்கணும். ஆறு மாசமோ, ஒரேயடியாவோ, என் கையில இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இந்த நெலைமைக்கு வந்தேன். வேற தாள் குடுங்க."

தன் கையாலேயே எழுதினார். பன்னிரண்டு வரி. இரண்டு இடத்தில் அடித்து எழுத வேண்டியிருந்தது. முடித்ததும் லேசாக இருக்கும் என்று நினைத்தார். அப்படி ஒன்றும் இல்லை. அசதிதான் மிச்சம். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, பஸ்ஸிலிருந்து தன் சீட்டு மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டார். சந்திரவதி பழைய திரைச்சீலையில் தைத்துக் கொடுத்தது.

டிப்போவுக்கு வெளியே நிறுத்தத்தில், மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். அந்தப் பக்கம் போகிற எத்தனையோ பஸ்களை விட்டுவிட்டார். ஐந்தேகாலுக்கு, பாட்டு முன்னால் வர, பச்சை பஸ் பின்னால் வந்தது.

கை காட்டினார். பஸ் நின்றது.

ரொனீல் இளைத்திருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான். கை தானாகப் பாட்டைக் குறைத்தது.

"வண்டி என்னாச்சு? ரிப்பேரா?"

"குடுத்துட்டேன்."

பிஜேந்திரா கார்டைத் தட்டிவிட்டு அவனுக்குப் பின்னால் முதல் சீட்டில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் இந்த ரோட்டில் பயணியாக உட்கார்ந்து வந்ததே இல்லை.

"பாட்டக் குறைக்காத" என்றார் பின்னாலிருந்து. "மணி மட்டும் காதுல விழுதான்னு பாத்துக்க."

"இதுல மணியடிச்சா இங்க லைட்டு எரியும்ப்பா." டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைக் காட்டினான். "நான்தான் மாட்டினேன்." கொஞ்சம் பொறுத்து, "கேட்டுட்டுத்தான்" என்றான்.

பிஜேந்திராவுக்குச் சுருக்கென்றது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கியருக்குப் பக்கத்தில் டிபன் கேரியர் இருந்தது. ரொனீல் அதை எடுத்துப் பின்னால் நீட்டினான். "கழுவி வெச்சிருக்கேன். அம்மாகிட்ட குடுத்துடுங்க."

"நீயே குடேன்."

"வேணாம்ப்பா. ஜன்னல்ல பாத்தா போதும்."

வளைவு வந்தது. ரொனீல் பாட்டை மாற்றினான். டோலக் அதிர்ந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை இதே இடத்தில் இதே பாட்டைப் போட்டவர் அவர். அது வெளியே நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும் என்று இன்றைக்குத்தான் யோசித்தார்.

சந்திரவதி குடையோடு தயாராக நின்றாள். சீவி முடித்துப் பொட்டு வைத்திருந்தாள். கையில் இன்னொரு பொட்டலம். முதலில் மகனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு படியில் மெத்தையும் கேரியருமாக இறங்கும் கணவரைப் பார்த்தாள்.

"ஐயோ, ரெண்டு பேரும் சேந்தா வரீங்க! சொல்லிட்டீங்களா? மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டீங்களா?" என்றாள். அப்புறம்தான் மெத்தை கண்ணில் பட்டது. "உங்க பஸ் எங்க?"

ரொனீல் பாட்டை நிறுத்தினான். மழை மட்டும் கேட்டது.

"சந்திரா, அந்த ஸ்பீக்கர மாட்டச் சொன்னது நான்" என்றார் பிஜேந்திரா. "அவன் வேணாம்னான். வேல போயிடுமோன்னு பயந்து அவன் மேல போட்டுட்டேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன். இன்னிக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அப்படிப் பேசினனேடா. சோறு ஒரு கேடான்னு கேட்டனே. நீ ஏன்டா வாயத் திறக்கல?"

ரொனீல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "திறந்தா நீ அவர விட்டுட்டு வந்துடுவம்மா."

உள்ளே யாரோ மணிக் கயிற்றை இழுத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

சந்திரவதி குடையை மடக்கினாள். பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியில் ஏறினாள். முதல் சீட்டில், மகனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"போடா" என்றாள்.

"அம்மா..."

"வண்டிய எடுறா. ஜனங்க காத்துக்கிட்டு இருக்கு."

ரொனீல் கண்ணாடியில் அப்பாவை ஒரு தடவை பார்த்தான். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் டோலக் மறுபடி கேட்டது, அப்புறம் அதுவும் தேய்ந்துபோயிற்று.

பிஜேந்திரா ஒரு கையில் மெத்தையும் ஒரு கையில் காலி கேரியருமாக, அவள் தினமும் நின்ற இடத்திலேயே நின்றார். வீடு திறந்தே கிடந்தது. உள்ளே போகத் தோன்றவில்லை. அந்த பஸ் நௌசோரி போய்த் திரும்பி வர ஐம்பது நிமிஷம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதில் சந்திரவதி இருப்பாளா என்பதுதான் தெரியவில்லை.